மெலாத்திக்காக ஒரு நேர்ச்சை

மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனிதி குனிந்து நின்றார். தொழுவத்துக்கு வெளியே யானைப்புல் கட்டின்மேல் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு தாஸ்ரிப் கிராம்புச் சிகரெட்டை ரசித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பா இருக்கா, பாக்?"

"இல்ல."

"வீங்கியிருக்கா?"

"இல்ல."

"தொட்டுப் பாருங்க. சூடு?"

"என் கைதான் சூடா இருக்கு."

சிவப்பு, வீக்கம், சூடு. சும்பெர்வாங்கி மலையில் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் படிக்கிற பாடம் இது. மாடு பருவத்துக்கு வந்தால் மூன்றும் தெரியும். தெரிந்ததும் வாசல் மூங்கிலில் ஒரு துணியைக் கட்ட வேண்டும். துணியைக் கண்டால் பால் சொசைட்டியின் சினை ஊசிக்காரர் ராகில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். போனிதியின் மாடு மெலாத்தி மூன்றில் ஒன்றையும் காட்டவில்லை. வாலை மட்டும் விடுவித்துக்கொண்டு, அவர் கன்னத்தில் சாணத்தோடு ஒன்று வைத்தாள்.

"மாட்டுக்கு உங்க மேல கோபம்போல," என்றார் தாஸ்ரிப்.

"மாட்டுக்கு என்ன தெரியும்? உங்க கிராம்புப் புகைதான் அதோட மூடைக் கெடுக்குது. அந்தப் பக்கம் போய் ஊதுங்க."

தன்னைத் தவிர மலையில் யாருக்கும் மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது போனிதியின் துணிபு. பெயருக்கு முன்னால் 'பாக்' போட்டு மரியாதையாகக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. போட்டுக் கூப்பிட்டால் மட்டும் என்ன, மற்றவர்கள் சொல்வது எப்போதுமே அவர் காதில் பாதிதான் விழும். இத்தனை ஞானத்துக்கும் அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாடு.

அந்த ஒன்றும் போன வருடம் சினை பிடிக்கவில்லை. இந்த வருடமும் பிடிக்காவிட்டால் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் தரகரிடம் தள்ளிவிட வேண்டியதுதான். பெருநாள் சமயத்தில் தரகர் வாங்குகிற மாடு எங்கே போகும் என்பதை யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. மெலாத்தியைப் பால்குடி மறக்காத கன்றாக மடியில் வைத்து லாரியில் கொண்டுவந்தவர் போனிதி. தன் தட்டில் விழும் வாழைப்பழத்தில் பாதியை, பெண்சாதிக்குத் தெரியாமல், இன்றைக்கும் அவள் வாயில்தான் வைப்பார்.

அதனால்தான் நேர்ச்சை செய்தார். அதையும் வீட்டுக்குள் ரகசியமாகச் செய்தாரா? காலையில் ஊரே பால் கேனோடு வரிசையில் நிற்கும்போது, சொசைட்டிப் படியில் ஏறி நின்று அறிவித்தார்.

"பெருநாளுக்குள்ள என் மெலாத்தி சினைன்னு தெரிஞ்சா, பெருநாள் ராத்திரி ஊருக்கெல்லாம் விருந்து. கமலான் மேளக்காரங்களைக் கூட்டிட்டு வந்து, லாரியில கட்டிவர்ற பெரிய ஒலிபெருக்கியை வெச்சு, இஷாத் தொழுகை முடிஞ்சதுலேர்ந்து விடியிற வரைக்கும் நானே பாடறேன். கேட்டுக்குங்க, நீங்கள்லாம் சாட்சி."

வரிசையில் யாரும் பேசவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று போனிதி எடுத்துக்கொண்டார். பாலை அளந்து ஊற்றும், ஊரார் 'பாக்' போல மரியாதையாக 'இபு' போட்டுக் கூப்பிடும் வினார்சி மட்டும், அளவுக்குச்சியைக் கேனிலிருந்து எடுத்து உதறிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள். அந்தப் பெண்பிள்ளைக்குக் கலை ரசனை கிடையாது.

நேர்ச்சை உடனே பலித்ததுபோலத்தான் இருந்தது. அந்த வாரமே மெலாத்தி பருவத்துக்கு வந்தாள். ராகில் வந்து ஊசி போட்டார். பருவம் மறுபடி திரும்பவில்லை. நாள் கணக்கு வந்ததும் ராகில் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சோப்பு இல்லையே, சொசைட்டியில கை கழுவிட்டு வந்து சொல்றேன்" என்று போனார். கழுவப் போனவர் ஒரு குளியலே போட்டிருக்கலாம், அவ்வளவு நேரம். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"காலி, பாக்."

"காலியா? அப்போ ஏன்யா பருவம் திரும்பல?"

அதற்குத்தான் ராகில் அன்று தாது உப்புப் பாடம் எடுத்தார்.

"பாக், மாட்டோட மூளையில ஒரு சுரப்பி இருக்கு. அது கட்டளை போடணும், சூலகம் அதைக் கேக்கணும். உடம்புல பாஸ்பரஸ், செம்பு, துத்தநாகம் எல்லாம் இருந்தாத்தான் கட்டளை போய்ச் சேரும். நம்ம மலை மண்ணுல அதெல்லாம் கம்மி. மண்ணுல இல்லன்னா புல்லுல இல்ல. புல்லுல இல்லன்னா மாட்டுல இல்ல."

"கட்டளை போடுறேன், கேக்கமாட்டேங்குது. அவ்வளவுதானே? எங்க வீட்டுல தினம் நடக்குது," என்றார் போனிதி.

உள்ளே அவர் மனைவி லாஸ்மி, சோயாத் தெம்பே வறுக்கிற சட்டியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்போ உப்புதான் மருந்தா?"

"உப்புதான். தீனியோட நாளைக்கு ஒரு கரண்டி. பொறுமையா ரெண்டு மூணு மாசம் குடுங்க. பெருநாளெல்லாம் போகட்டும், நிதானமாப் பாத்துக்கலாம்."

பெருநாள் போகட்டுமாம். இந்த மாதிரி சோம்பேறிகளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால் மாடு எப்படி ஐயா சினை பிடிக்கும் என்று போனிதி மனதுக்குள் கருவினார். ஒரு கரண்டி என்பது ஊரார் மாட்டுக்குச் சொன்ன கணக்கு, மெலாத்திக்கு மூன்று.

மெலாத்தி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோயாப் பிண்ணாக்கில் கலந்தார், ஒதுக்கினாள். பனைவெல்லத்தைக் கரைத்து ஊற்றினார். தொட்டியே பளபளக்கும்படி நக்கித் தீர்த்தாள். போனிதி வெற்றிப் புன்னகையோடு தூங்கப் போனார். காலையில் தொழுவத்தின் பின்சுவர், அவர் இடுப்புயரம்வரை பச்சை வர்ணம் அடித்ததுபோல் இருந்தது.

"கவலைப்படாதீங்க பாக்," என்றார் தாஸ்ரிப், சுவரைப் பார்த்து. "பாஸ்பரஸ் எங்கயும் போயிடல. எல்லாம் இங்கதான் இருக்கு."

பால் குறைந்தது. சொசைட்டியில் வினார்சி குச்சியை விட்டு எடுத்து, "குறைஞ்சிருக்கு" என்றாள்.

"உப்பு வேலை செய்யுதும்மா. உடம்பு உள்ளுக்குள்ள சேமிக்குது. அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிதான்," என்றாள் வினார்சி. "அடுத்தது யாரு?"

பொடி வேண்டாம் என்று முடிவு செய்து, உப்புக் கட்டி வாங்கி வந்து கம்பியில் கோத்து, மெலாத்தியின் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டார். மாடு விரும்பியபோது நக்கிக்கொள்ளும், சுயமரியாதைக்குப் பங்கமில்லை. மெலாத்தி அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தாஸ்ரிப்பின் ஆடுகள் பார்த்தன. போனிதி முட்டைக்கோசுத் தோட்டத்தில் இருந்த நேரம் வேலியில் ஓட்டை போட்டு வந்து, கட்டியைப் பாக்கு அளவுக்குத் தேய்த்துவிட்டு, வாய் உப்புக் கரித்ததால் அடுப்பங்கரைப் பானையைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. வேலியை அடைத்தார்; மறுநாள் வேறு பக்கத்தில் ஓட்டை. மறுபடி கட்டி வாங்கினார், மறுபடி பாக்கானது.

கொஞ்ச நாளில் தாஸ்ரிப் சிரித்த முகமாக வந்தார்.

"பாக், உங்களுக்கு நன்றி சொல்லணும். என் ஆடு அத்தனையும் சினை. உப்பு நல்ல உப்புதான் பாக். மாடுதான் சரியில்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் போனிதி தாஸ்ரிப்பின் பரம்பரையையே லாஸ்மியிடம் அலசிக் காயப்போட்டார்.

"விடுங்க. ஆட்டு மேல என்ன பொறாமை?" என்றாள் லாஸ்மி.

"பொறாமையா? எனக்கா? நீ யாரு பக்கம்?"

"நான் மெலாத்தி பக்கம்."

அதற்கப்புறம்தான் அவர் தன் கடைசி அஸ்திரம் என்று எண்ணியதை எடுத்தார். இனிமையான சங்கீதம் கேட்டால் கறவை மாட்டுக்கு ஹார்மோன் சுரக்கும் என்று செல்போனில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார். சங்கீதத்துக்கு எங்கே போவது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெருநாளுக்கு ஒத்திகையும் ஆயிற்று, மாட்டுக்கு வைத்தியமும் ஆயிற்று.

போனிதியின் குரலைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அது பெரிய குரல். முன்பு ஒரு சுன்னத்து வீட்டில் பாடியபோது மின்சாரம் போய்விட்டது, அவர் நிறுத்தவில்லை, மைக் போன வித்தியாசம் பக்கத்து மலைக்காரர்களுக்குத் தெரியவும் இல்லை. அந்தக் குரலில் காலைக் கறவைக்கு ஒரு பாட்டு, மாலைக் கறவைக்கு ஒரு பாட்டு, நடுவே மெலாத்தி அசைபோடும்போது ஓர் ஆலாபனை என்று நடந்தது. மெலாத்தி காதுகளைப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டாள். பாலை மடிக்குள்ளேயே அடக்கிக்கொண்டாள். ஒருமுறை நீளமாக இழுத்த ஒரு இடத்தில் வாளியையும் போனிதியையும் சேர்த்து உதைத்தாள்.

"உணர்ச்சி வந்திருக்கு," என்றார் அவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "இதுவே ஹார்மோனோட முதல் அடையாளம்."

ஊர்க்காரர்களின் அன்பைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இஞ்சிச் சாறும் தேனும் வந்தன. தாஸ்ரிப்பே ஒரு செம்போடு வந்து நின்றார்.

"தொண்டையைப் பத்திரமா வெச்சுக்குங்க பாக். இப்பவே தேச்சுட்டா பெருநாளுக்கு என்ன பண்றது? பேசக்கூட வேணாம். பெருநாள் வரைக்கும் சைகையே போதும்."

கலைஞனைப் போற்றத் தெரிந்த ஊர்தான் என்று போனிதிக்குக் கண் கலங்கியது. ஆனால் மாடு?

மாட்டின் வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. போனிதி கவலையோடு தட்டிப் பார்த்தார்.

"என்ன லாஸ், வயிறு இப்படி ஆயிடுச்சு?"

"வாயு," என்றாள் லாஸ்மி.

"வாயுதான்," என்றார் தாஸ்ரிப், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்காமலே.

"சுத்தமான வாயு பாக்," என்றார், அந்த வழியாகப் போன ராகில், வண்டியை நிறுத்தாமலே.

மூன்று பேரும் ஒரே நோயைச் சொன்னதில் போனிதிக்குத் தாளாத எரிச்சல். முட்டாள்கள் எப்போதும் ஒருமனதாகத்தான் இருப்பார்கள். அவர் ராகிலைச் சொசைட்டி வாசலில் மடக்கினார்.

"பருவத்தை வரவழைக்கிற ஹார்மோன் ஊசி இருக்காமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ராகிலின் முகம் வெளுத்தது. "அது... மெலாத்திக்கு ஒத்துக்காது பாக்."

"ஏன் ஒத்துக்காது?"

"அவ உடம்பு வாகு."

"உடம்பு வாகா? நீ படிச்சவனா, குறி சொல்றவனா? நீ போடலன்னா சொசைட்டித் தலைவர்கிட்ட போறேன்."

ராகில் போட்டார். ஊசிக்குள் இருந்தது மஞ்சளாக இருந்தது.

"ஹார்மோன் மஞ்சளாவா இருக்கும்?"

"ஒசத்தி ஹார்மோன் மஞ்சள்தான் பாக்."

ஒசத்தி ஹார்மோனுக்குப் பின் மெலாத்தி நன்றாகத் தின்றாள், நன்றாகத் தூங்கினாள், தோல் பட்டுப்போல் மின்னியது. வாலைத் தூக்கினால் பழைய கதைதான். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பால் வாளியின் அடியை மறைக்கும் அளவுக்கு வந்து நின்றது. மலைக்கடியில் தரகர் ஜுமைனின் லாரி தினம் ஏறி இறங்குவதை போனிதி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பட்டணத்துக்குப் போய், கால்நடை மருந்துக் கடையில் அந்த ஊசி மருந்தைத் தானே வாங்கிவிட்டார்.

"மாடு சினையில்லன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "சினையா இருந்தா கலைஞ்சிடும்."

"ஊரே சாட்சி," என்றார் போனிதி.

வீட்டுக்கு வந்து பனிக்கட்டி டப்பாவைத் திறந்து லாஸ்மியிடம் பெருமையாகக் காட்டினார். நாளைக் காலையில் தன் கையாலேயே போடப்போவதாகச் சொன்னார். கடைக்காரர் கேட்ட அசட்டுக் கேள்வியையும் சொல்லிச் சிரித்தார். லாஸ்மி சிரிக்கவில்லை. "குடுங்க, குளிர்ச்சியா வெக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கல்லில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மருந்து ஈரச் சிமெண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"கை வழுக்கிடுச்சுங்க."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு பீங்கான் தட்டைக்கூட உடைக்காதவள். போனிதி தொழுவத்துக்குப் போய் மெலாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று மாலை அவர் பாடவில்லை. மலை முழுவதும் ஏதோ குறைவதுபோல் அமைதியாக இருந்தது.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஜுமைனுக்குச் சொல்லியனுப்பினார்.

லாரி வருவதற்குள் மெலாத்தியை வெந்நீரில் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை, லாஸ்மி பார்க்கப் பார்க்கவே, முழுசாக ஊட்டினார். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாஸ்ரிப் சிகரெட் பற்றவைக்காமல் நின்றார். மூங்கிலில் துணி கட்டாமலே ராகில் வந்திருந்தார். வினார்சி சொசைட்டியையே பூட்டிவிட்டு வந்திருந்தாள். அவள் பகலில் சொசைட்டியைப் பூட்டி யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு பாக் அவசரம்? ஒரு வாரம் பொறுங்க," என்றார் தாஸ்ரிப்.

"பெருநாளுக்கு அப்புறம் இந்த வறட்டு மாட்டை யாரு வாங்குவா? நீங்களா?"

"நான் வாங்கிக்கிறேன்."

"ஆட்டுக்காரருக்கு மாடு எதுக்கு?"

"விலை ஏறும் பாக்," என்றார் ராகில்.

"ஒரே ஒரு வாரம்ங்க," என்றாள் லாஸ்மி. அவள் முக்காட்டு நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

போனிதி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மாட்டின் மேல் ஊருக்கு இவ்வளவு பாசமா? இவர்களையா முட்டாள்கள் என்று நினைத்தோம்? முட்டாள்கள்தான், ஆனால் ஈரமுள்ள முட்டாள்கள்.

"வேணாம். இதுக்கு மேல என்னால பாத்துட்டு நிக்க முடியாது. பாக் ஜுமைன், ஏத்துங்க."

ஜுமைன் நாலு மலைகளுக்கு அப்பாலிருந்து வருகிறவர். இந்த ஊரில் யாருக்கும் உறவில்லை, யாரிடமும் பேச்சில்லை. வழக்கம்போல் மாட்டைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளே ஒரு அழுத்து அழுத்தி, அப்படியே காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். பிறகு கையை எடுத்து, கைலியில் துடைத்துக்கொண்டு, போனிதியை மேலும் கீழும் பார்த்தார்.

"விளையாடறீங்களா?"

"ஏன்?"

"உள்ளேர்ந்து என்னைத் திருப்பி இடிக்குது. அஞ்சு மாசத்துக்கு மேல இருக்கும். சினைமாட்டைக் குர்பானிச் சந்தைக்கு ஏத்திட்டுப் போனா, மாட்டுக்குப் பதிலா என்னை அறுப்பாங்க."

போனிதி, சாணம் என்றும் பாராமல், மெலாத்தியின் முன்னங்காலடியில் மடிந்து உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். மெலாத்தி குனிந்து அவர் தலையை ஒரு நக்கு நக்கினாள். இத்தனை மாதமாய் உப்புக்கு நாக்கை நீட்டாதவள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிச்சம் போட்டதுபோல் இருந்தது.

"பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு," என்றார். "நேர்ச்சை பலிச்சிடுச்சு. லாரி ஒலிபெருக்கிக்கு இன்னைக்கே சொல்லிடணும். ராகில், வண்டியை எடு."

ராகில் வண்டியை எடுக்கவில்லை. தன் ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தாஸ்ரிப் பற்றவைக்காத சிகரெட்டைத் தட்டிச் சாம்பல் உதிர்த்தார். லாஸ்மி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது அழுகையிலா சிரிப்பிலா என்று தெரியவில்லை. அப்போதுதான் போனிதிக்கு மெல்ல ஒரு சந்தேகம் வந்தது.

"கையை விட்டுப் பாத்தியேய்யா ராகில். உனக்குத் தெரியலையா? உங்க யாருக்குமே தெரியலையா?"

கடைசியில் இபு வினார்சிதான், சொசைட்டியில் பால் அளவு சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"நேர்ச்சை உங்களுக்கு மட்டும்தானா பாக்? பெருநாள் தாண்டுற வரைக்கும் உங்க காதுக்கு விஷயம் எட்டாம இருந்தா, ஊர் சேர்ந்து ஒரு ஆடு குடுக்கிறதா நாங்களும்தான் நேர்ந்துக்கிட்டோம். முதல்ல கை தூக்கினது உங்க வீட்டம்மா."